மூன்றாம் தூணின் சிவப்பு

காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில், நிலைக்கதவுகளுக்கும் எனாமல் அடுக்குகளுக்கும் நடுவே, ஐந்தாறு மரச்சட்டங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. அரைவட்டச் சட்டங்கள். ஏதோ ஒரு கதவுக்கு மேலே விசிறிபோல் விரிந்திருந்தவை. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கண்ணாடித் துண்டுகள். எல்லாம் கறுப்பாகத் தெரிந்தன. தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் ஒன்றைத் துடைத்தேன். துடைத்த இடமும் கறுப்பாகவே இருந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "அப்படிப் பாத்தாத் தெரியாதுண்ணே, இங்க கொண்டாங்க" என்று சட்டத்தை வாங்கித் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டையில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் பச்சை. கையருகே ஊதா.

"இது எந்த வீட்டுல இருந்துச்சு? கெழக்கப் பாத்ததா, மேக்கப் பாத்ததா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாருக்குண்ணே தெரியும்? வீட்ட இடிச்சப்ப லாட்டா எடுத்தது."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஓர் ஓவியத்தை ஒரு சுவரிலிருந்து இறக்கி இன்னொரு சுவரில் மாட்டலாம். வீட்டுக்கென்று செய்த வண்ணக்கண்ணாடிக்கு அது இயலாது. அதன் பாதி உடல் கண்ணாடி, மறுபாதி வெயில். அந்த வெயில் ஒரு திசையிலிருந்து, ஒரு நேரத்தில், ஒரு சுவர் வழியாக வருவது. வீட்டை இடித்தவர்களால் கண்ணாடியை மட்டுமே வண்டியில் ஏற்ற முடிந்தது.

தேவாலயங்களின் வண்ணச் சாளரங்களைப் பற்றி உலகில் எழுதாதவர் இல்லை. வீட்டுக்குள் வந்த வண்ணக்கண்ணாடியைப் பற்றிய எழுத்து குறைவு. காரணம் எளியது. தேவாலயம் நிற்கிறது. வீடு கைமாறுகிறது, பாகம் பிரிகிறது, இடிகிறது. ஆகவே வீட்டுக் கண்ணாடியின் வரலாற்றைத் தேடிப்போனால் பெரும்பாலும் பெயர்த்தெடுக்கப்பட்ட துண்டுகளிடம்தான் போய்ச் சேருகிறோம்.

ஆங்கிலத்தில் 'ஸ்டெயின்ட் கிளாஸ்' என்றால் கறையேறிய கண்ணாடி. பழைய சாளரங்களில் பெரும்பாலான நிறம் கறையாக ஏறியது இல்லை, உலையிலேயே கலந்தது. உருகிய கண்ணாடியோடு கோபால்ட் சேர்ந்தால் நீலம், மாங்கனீசு சேர்ந்தால் ஊதா, செம்பு சேர்ந்தால் பக்குவத்தைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ. உண்மையில் கறையாக ஏறியது ஒரே ஒரு நிறம், மஞ்சள். வெள்ளிச் சேர்மத்தைக் குழைத்துக் கண்ணாடியின் மேல் பூசிச் சூளையில் வைத்தால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கிவிடும். இளம் எலுமிச்சையிலிருந்து முற்றிய கிச்சிலி நிறம் வரை, சூட்டுக்கும் பூச்சுக்கும் ஏற்ப மஞ்சள் பிறக்கும். ஐரோப்பாவில் 1300ஐ ஒட்டி இந்த வித்தை பரவியது.

வண்ணக்கண்ணாடி வீட்டுக்குள் நுழைய வழி திறந்தது இந்த மஞ்சள் என்பேன். அதற்கு முன் இரண்டு நிறம் வேண்டுமானால் இரண்டு துண்டு வேண்டும், நடுவே ஈயப்பட்டை வேண்டும். அவ்வளவு செலவும் கனமும் பேராலயத்துக்குத் தாங்கும். துணி வியாபாரியின் வீட்டுக்குத் தாங்காது. வெள்ளி மஞ்சள் வந்தபின், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலமுள்ள நிறமற்ற வட்டச் சில்லு ஒன்றில் பழுப்பு மையால் கோடிழுத்து, முடிக்கும் ஆடைக்கும் மஞ்சளேற்றி, ஒரே துண்டில் ஒரு கதையையே சொல்லிவிடலாம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் நெதர்லாந்து, ஃபிளாண்டர்ஸ் நகரங்களின் வணிகர் வீடுகளில் இத்தகைய வட்டங்கள் ஏராளமாகச் சன்னல் ஏறின. சுற்றிலும் வெறும் கண்ணாடி, நடுவில் கண்ணுயரத்தில் ஒரு வட்டம். அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து தலையைத் திருப்பினால் போதும்.

அந்த வட்டங்களில் விவிலியக் கதைகள் உண்டு. எனக்கு நெருக்கமானது வேறொன்று. சோர்கெலோஸ் என்றொருவனின் கதை. பெயருக்குக் கவலையற்றவன் என்று பொருள். ஊதாரி மைந்தன் உவமை நமக்குத் தெரியும். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பும் மகனைத் தந்தை ஓடிவந்து தழுவிக்கொள்கிறார். அந்த உவமையை நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தபோது தந்தையை எடுத்துவிட்டார்கள். சோர்கெலோஸ் புறப்படுகிறான், விருந்துண்கிறான், சூதாடுகிறான், நண்பர்கள் விலகுகிறார்கள், கடைசியில் வறுமையோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறான். மன்னிக்க யாரும் வருவதில்லை. நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் கடைசிக் காட்சியின் வட்டம் ஒன்று இருக்கிறது. 1510–20ஐச் சேர்ந்தது.

இதைத் தன் வீட்டுச் சன்னலில் யார் வைத்துக்கொள்வார் என்று யோசித்துப் பார்த்தேன். கப்பல் கடலில் இருக்கும் மனிதன் வைத்துக்கொள்வான். பிள்ளைகள் தலையெடுக்கும் வயதில் இருக்கும் தகப்பன் வைத்துக்கொள்வான். தினமும் காலையில் சூரியனே வந்து அந்தக் கதையை ஒருமுறை காட்டிவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பான். அந்த வீட்டுக்கும் அந்தக் கதைக்கும் அப்படி ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. இன்று வட்டம் இருக்கிறது, பேச்சு இல்லை.

சுவிட்சர்லாந்தில் இன்னும் அழகான ஒரு வழக்கம் இருந்தது. அங்கே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஒருவர் புது வீடு கட்டினால் நண்பர்களிடமும் தொழிற்சங்கத்திடமும் ஊராட்சியிடமும் 'ஒரு சன்னல் தாருங்கள்' என்று கேட்பார். தருபவர் தன் குலச்சின்னமும் பெயரும் ஆண்டும் பொறித்த சிறு வண்ணக்கண்ணாடி ஒன்றைச் செய்து அனுப்புவார். ஹோல்பைன் போன்ற பெரும் ஓவியரே இத்தகைய கண்ணாடிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். புதுமனை புகுவிழாவுக்கு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் நமக்கு இந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மொய்க்கு மொய் என்பதும் அங்கே உண்டு. இன்று வாங்கியவர் நாளை கொடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் சன்னலோரம் உட்கார்ந்தால், தனக்கு வேண்டியவர்கள் எல்லாரும் ஒளியாக வந்து அறையில் நிற்பார்கள். ஒரு மனிதனின் உறவு முழுதும் சன்னலில் எழுதப்பட்டிருந்தது. பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் இவற்றைக் கழற்றித் தனித்தனியாக விற்றபோது ஒவ்வொரு கண்ணாடியும் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கலைந்தது அந்த உறவுக்கூட்டம்.

டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த 'ஒரு கோப்பை ஒயின்' ஓவியத்தில் அப்படியொரு சன்னல் பாதி திறந்து நிற்கிறது. பெர்லினில் இருக்கும் ஓவியம். பெண் கோப்பையைக் குடித்து முடிக்கிறாள். ஆண் அடுத்ததை ஊற்றக் காத்திருக்கிறான். சன்னலின் குலச்சின்னத்தோடு கையில் கடிவாளம் பிடித்த ஒரு பெண்ணுருவம் தெரிகிறது. அடக்கத்தின் உருவம் அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வீட்டுக் கண்ணாடி தன் வீட்டில், தன் வெளிச்சத்தில், தன் வேலையைச் செய்துகொண்டிருந்த தருணத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளைவிட அந்த ஓவியத்தையே நான் காட்டுவேன்.

பிறகு நீண்ட மறதி. வெள்ளை வெளிச்சமே உயர்ந்தது என்ற ரசனை வந்தது. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் போன்ற சிலர் ஐரோப்பாவிலிருந்து பழைய ஃபிளெமிஷ் துண்டுகளை நூற்றுக்கணக்கில் வரவழைத்துத் தங்கள் மாளிகைச் சன்னல்களில் பதித்துக்கொண்டார்கள். டுவிக்கனத்தில் அவர் கட்டிய ஸ்ட்ராபெரி ஹில் வீட்டில் அவற்றை இன்றும் பார்க்கலாம். அழகுதான். ஆனால் பெயர்த்தெடுத்தலை ஒரு ரசனையாக ஆக்கிய முதல் வீடுகளில் அதுவும் ஒன்று.

சாதாரண வீடுகளுக்குள் வண்ணக்கண்ணாடி வெள்ளமாக வந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அதற்குக் கலை மட்டும் காரணமில்லை, வரியும் காரணம். இங்கிலாந்தில் 1696 முதல் சன்னலுக்கு வரி. சன்னல்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கு. வரிக்குப் பயந்து மக்கள் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அப்படி அடைபட்ட சன்னல்களை அந்நாட்டுப் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். கண்ணாடிக்கும் தனியே ஆயத்தீர்வை இருந்தது. 1845இல் கண்ணாடித் தீர்வை போனது, 1851இல் சன்னல் வரி போனது. அதே காலத்தில் சார்லஸ் வின்ஸ்டன் என்ற வழக்கறிஞர், பழைய சாளரங்களின் நிறம் ஏன் தம் காலத்துக் கண்ணாடியில் வரவில்லை என்று கேட்டுப் பழந்துண்டுகளை வேதியியல் ஆய்வுக்கு அனுப்பினார். கிடைத்த விடையை வைத்து லண்டன் பவல் உலையில் பழைய தரத்தில் புதுக் கண்ணாடி செய்தார்கள். வெளிச்சத்துக்கு வரி இல்லாமலான ஒரு தலைமுறைக்குள், நகரம் நகரமாக வரிசை வீடுகள் எழுந்தன. குமாஸ்தாவும் கடைக்காரரும் குடியிருந்த அந்த வீடுகளின் முன்கதவில் வண்ணக்கண்ணாடி வந்தது.

அந்தக் கதவுக் கண்ணாடிகளைக் கலை வரலாற்றாசிரியர்கள் பெரிதாக மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். வரிசை வீட்டில் இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வாசலிலிருந்து உள்ளே போகும் ஒடுக்கமான நடைக்கு வெளிச்சம் வர ஒரே வழி முன்கதவு. அதில் வெறும் கண்ணாடி வைத்தால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வரும். மரப்பலகை வைத்தால் நடை இருட்டு. ஒரு துலிப் பூவும் நாலு பச்சை இலையும் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. வெளிச்சம் வரட்டும், பார்வை வெளியே நிற்கட்டும். வேலை முடிந்து இருட்டியபின் திரும்புகிறவருக்கு இன்னொன்றும் கிடைத்தது: உள்ளே விளக்கு எரிந்தால் அந்தப் பூ தெருவைப் பார்த்து மலர்ந்திருக்கும். வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று தொலைவிலேயே தெரியும்.

ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1861இல் நண்பர்களோடு நிறுவனம் தொடங்கி வண்ணக்கண்ணாடியைத் தலையாய தொழிலாக நடத்தினார். அடுத்த ஆண்டே யார்க்‌ஷயரில் வால்டர் டன்லப் என்ற வணிகர், ஹார்டன் கிரேஞ்ச் என்ற தம் வீட்டின் இசையறைக்கு டிரிஸ்ட்ரம்–இசோட் காதல் கதையைக் கேட்டார். 13 கண்ணாடிகள். ரோசெட்டி, பர்ன்-ஜோன்ஸ், மோரிஸ் எல்லாரும் பங்குகொண்டு வரைந்தார்கள். இசை கேட்கும் அறைக்குக் காதலும் மரணமும். இன்று அவை பிராட்ஃபோர்டு நகர அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இருக்கின்றன, பத்திரமாக இருக்கின்றன. மோரிஸே 1877க்குப் பிறகு, புதுப்பிக்கப்படும் பழைய தேவாலயங்களுக்குப் புதுச் சாளரம் செய்து தருவதில்லை என்று முடிவெடுத்தவர். பழைய சுவருக்கும் அதன் ஒளிக்கும் நடுவே தன் கை போகக்கூடாது என்று எண்ணி வருமானத்தை விட்டுக்கொடுத்த அந்த முடிவுக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் திரும்பியது. ஜான் லா ஃபார்ஜ் என்ற ஓவியர் பால் கலந்தாற்போன்ற கண்ணாடியைச் சாளரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டு 1880இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு லூயி கம்ஃபர்ட் டிஃபனி தம் காப்புரிமைகளைப் பெற்றார். இருவருக்கும் ஏற்பட்ட பகை கடைசிவரை தீரவில்லை. பழைய கண்ணாடி வெயிலைத் தன் ஊடாக விட்டுத் தரையில் கொட்டியது. பால்கண்ணாடி வெயிலைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. ஒரே தகட்டுக்குள் மேகம்போல் நிறங்கள் ஓடும். மடிப்பு மடிப்பாக வார்த்த கண்ணாடி சேலைக் கொசுவம்போல் நிற்கும். முகத்துக்கும் கைக்கும் தவிர மை தேவையில்லை. லா ஃபார்ஜ் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகர வீடு ஒன்றுக்காகக் காற்றில் அலையும் பியோனிப் பூக்களைச் செய்தார். இந்தக் கண்ணாடியால் செய்த மிக அழகிய பூ அதுதான் என்பது என் தீர்ப்பு. அதுவும் இப்போது மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில்.

டிஃபனியின் புகழ் பெரிது. 1882இல் அதிபர் செஸ்டர் ஆர்தர் வெள்ளை மாளிகையின் முகப்புக் கூடத்துக்கே அவரிடம் கண்ணாடித் திரை வாங்கி வைத்தார். இருபதே ஆண்டு. 1902இல் தியோடர் ரூஸ்வெல்ட் மாளிகையைத் திருத்தியபோது திரையைக் கழற்றி ஏலம் விட்டுவிட்டார்கள்.

டிஃபனியின் தொழிற்சாலையில் என் மனம் நிற்கும் இடம் அவருடைய மேசை இல்லை, கிளாரா டிரிஸ்கோலின் மேசை. ஒஹையோவிலிருந்து வந்த பெண். டிஃபனி 1892இல் பெண்களுக்கென்று தனியாகக் கண்ணாடி வெட்டும் பிரிவு தொடங்கினார்; நிறத்தைத் தெரிந்தெடுப்பதில் பெண்களின் கண் நுட்பமானது என்று அவர் நம்பினார். அதன் தலைவி கிளாரா. வரைபடத் தாளைத் துண்டுதுண்டாக வெட்டி, நூற்றுக்கணக்கான தகடுகளில் எந்தத் தகட்டின் எந்த மூலையில் அந்த இலைக்குரிய பச்சை இருக்கிறது என்று தேடி, வெட்டி, வெளிச்சத்துக்கு எதிரே நிறுத்திய பெருங்கண்ணாடியில் மெழுகால் ஒட்டிவைத்துத் தள்ளி நின்று பார்ப்பார்கள். சரியில்லையென்றால் எடுத்துவிட்டு மறுபடி தேடுவார்கள். பிறகு ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய செப்பு நாடாவைச் சுற்றிப் பற்றவைப்பு. திருமணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. கிளாராவும் மணமானதும் விலகினார், கணவர் இறந்தபின் திரும்பினார், 1909இல் மறுமணத்தோடு மீண்டும் விலகினார். 1903இல் ஆண்களின் சங்கம் இந்தப் பெண்களை எதிர்த்து நின்றது; பெண்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டித்தான் பிரச்சினை முடிந்தது.

தும்பி விளக்கும் விஸ்டேரியா விளக்கும் கிளாரா வடிவமைத்தவை. விஸ்டேரியா விளக்கின் குடையில் கிட்டத்தட்ட 2,000 கண்ணாடித் துண்டுகள். நூறாண்டாக எல்லாம் டிஃபனி பெயரிலேயே வழங்கின. கிளாரா தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் எழுதிய கடிதங்கள் ஆய்வாளர் கண்ணில் பட்டு, 2007இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் கண்காட்சி வைத்த பிறகுதான் உலகம் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியது. வீட்டுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லாமலிருந்தால் அந்தப் பெயர் போயே போயிருக்கும்.

இந்த விளக்குகள் என் வாதத்துக்கு எதிரான சான்று என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்ணக்கண்ணாடி முதன்முறையாகச் சுவரைவிட்டு இறங்கியது இங்கேதான். மின்விளக்கு வந்தது, குடைக்குள்ளேயே ஒரு சிறு சூரியன் உட்கார்ந்துகொண்டது. திசை வேண்டாம், நேரம் வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவரும் வீடு மாறும்போது கையோடு எடுத்துப்போகலாம். நூறு வீடு மாறினாலும் தும்பியின் சிறகு ஒரே நிறம்தான். நான் அந்த விளக்குகளை விரும்புகிறேன். ஆனால் காலை பத்துமணிக்கு ஒன்றாகவும் மழைநாளில் வேறாகவும் இருப்பது அவற்றால் முடியாது.

டிஃபனி தமக்காக லாங் ஐலண்டில் லாரல்டன் ஹால் என்ற வீட்டைக் கட்டித் தம் சிறந்த சாளரங்களை அங்கே சேர்த்து வைத்திருந்தார். அவர் 1933இல் இறக்கும்போதே அவருடைய கண்ணாடி பழம்பாணி என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. 1946இல் வீட்டுப் பொருள்கள் ஏலம் போயின. 1957இல் வீடு எரிந்தது. இளமையில் அங்கே கலை மாணவராகத் தங்கியிருந்த ஹ்யூ மக்கீனும் அவர் மனைவி ஜெனட்டும் சாம்பலுக்கு நடுவே தப்பியிருந்த சாளரங்களையும் தூண்களையும் வாங்கி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். வின்டர் பார்க் நகரின் மோர்ஸ் அருங்காட்சியகம் அவற்றைப் பேணுகிறது. பெயர்த்தெடுத்தலுக்கு எதிராக இவ்வளவு எழுதும் நான் அந்தத் தம்பதிக்கு நன்றி சொல்கிறேன். எரிந்த வீட்டிலிருந்து எடுப்பதும், நிற்கும் வீட்டிலிருந்து பிடுங்குவதும் வேறு வேறு செயல்கள்.

நிற்கும் வீட்டிலிருந்து எடுத்ததற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் போகமுடியாது. ஃபிராங்க் லாய்டு ரைட் 1912இல் இல்லினாய் மாநிலத்து ரிவர்சைடில், கூன்லி குடும்பத்தின் வளாகத்தில் குழந்தைகள் பள்ளிக்கூடமாக நடந்த சிறு கட்டடத்துக்குச் சன்னல்கள் செய்தார். ஊர்வலத்தில் பறக்கும் பலூன்கள், கொடிகள், காகிதப் பூத்தூள். சிவப்பு, நீலம், மஞ்சள் வட்டங்கள் சிலவே. மிச்சமெல்லாம் நிறமற்ற கண்ணாடி. அந்த நிறமற்ற இடம்தான் அந்தக் கலையின் உயிர் என்று நினைக்கிறேன். அதன் வழியே வெளியே மரம் தெரியும், மேகம் தெரியும்; பலூன் அந்த மேகத்தில் பறக்கும். அவற்றுள் மூன்று பெருஞ்சன்னல்கள் இப்போது மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரிவர்சைடில் இருப்பவை நகல்கள். அருங்காட்சியகத்தில் அசல் பலூன்களுக்குப் பின்னால் ரிவர்சைடின் மரம் இல்லை. ரிவர்சைடில் அசல் மரத்துக்கு முன்னால் நகல் பலூன்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஈயமும் செம்பும் வைத்துக் கட்டிய கண்ணாடி. ஈயமே இல்லாத மரபுகள் உண்டு. அவை வீட்டுக்கென்றே வளர்ந்தவை. ஈரானில் ஒர்சி என்று ஒரு சன்னல்: நுணுக்கமான மரப்பின்னலுக்குள் வண்ணத்துண்டுகளைச் செருகி, மேலே தூக்கித் திறக்கும்படி செய்தது. ஏமனின் சனா நகரிலோ ஜிப்சத்தையே சட்டமாக்கினார்கள். கமரியா என்று பெயர். அரபியில் கமர் என்றால் நிலா. கமருதீன், கமருன்னிஸா என்று நம் ஊர்களில் கூப்பிடும் பெயர்களில் இருக்கும் அதே நிலா. முற்காலத்தில் மெல்லிய வெண்பளிங்குப் பலகை வைத்தார்கள். உள்ளே வந்த வெளிச்சம் நிலவொளிபோல் இருந்தது, பெயர் வந்தது. பிறகு வண்ணக்கண்ணாடி. பலகையில் ஜிப்சத்தைப் பரப்பி, காம்பஸ் வைத்துக் கோலம் இழுத்து, இறுகுவதற்குள் கத்தியால் வெட்டியெடுத்து, பின்பக்கம் கண்ணாடித் துண்டுகளை வைத்து மறுபடி ஜிப்சம் பூசி மூடுவார்கள். கதவுக்கும் சன்னலுக்கும் மேலே அரைவட்டமாக அது நிற்கும். ஐந்தாறு மாடி உயர்ந்த அந்த மண்வீடுகளின் உச்சியறையில் மாலையில் ஆண்கள் கூடிப் பேசும்போது சுண்ணாம்புச் சுவரெல்லாம் நிறமாகும். நிறம் பகலில் வீட்டுக்காரருக்கு, இரவில் தெருவுக்கு.

சனாவின் பழைய நகரை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2015 ஜூனில் வான்குண்டு அங்கே விழுந்து வீடுகள் சரிந்தன, குடியிருந்தவர்கள் இறந்தார்கள். 2020இல் பெருமழை. உயிரோடு ஒப்பிடக் கண்ணாடி ஒரு பொருட்டில்லை. ஆனாலும் அந்த ஊரின் கமரியாக்களை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அவற்றைப் பெயர்த்தெடுத்து எங்கும் கொண்டுபோக முடியாது. ஜிப்சம் உடைந்துவிடும். வீடு போனால் அதுவும் போகும்.

செட்டிநாட்டுக் கண்ணாடியும் ஈயமில்லாத இந்த மரபுகளின் உறவுக்குள்தான் வருகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்து திரும்பிய நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை கட்டிய வீடுகளில் பர்மாத் தேக்கோடும் இத்தாலியப் பளிங்கோடும் வண்ணக்கண்ணாடியும் வந்தது. ஊரில் பெல்ஜியம் கண்ணாடி என்பார்கள். அந்நாட்டின் சார்லெருவா வட்டாரம் அந்தக் காலத்தில் உலகமெங்கும் சன்னல் கண்ணாடி அனுப்பியது. இங்கே கண்ணாடியில் படம் கிடையாது, ஈயம் கிடையாது. நம் ஆசாரிகள் தேக்குச் சட்டத்தில் தவாளிப்பு எடுத்துச் சதுரமாகவும் விசிறியாகவும் வெட்டிய துண்டுகளைப் பொருத்தினார்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஊதா. கதை சொல்லவில்லை, வெறும் நிறம். கீழே மரக்கதவு சாத்தியிருக்கும். மேலே நிறம் திறந்திருக்கும். நகரத்தார் ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்திருக்கிறார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்ததும் தொழில் போயிற்று, பிறகு வீடுகளைப் பேணும் வசதி போயிற்று, பிறகு ஆட்கள் போனார்கள். லாட் வந்தது.

கடையைப் பார்த்த மறுநாள் நண்பரோடு பக்கத்துக் கிராமத்தில் அவர் உறவுக்கார ஆச்சி வீட்டுக்குப் போனேன். காலை ஏழரை இருக்கும். வளவில் (தூண்கள் சூழ்ந்த முற்றத்தில்) உட்காரச் சொன்னார்கள். கிழக்கு வாசலுக்கு மேலே விசிறிச் சன்னல். நிறமெல்லாம் வளவைத் தாண்டி உள்ளே நெடுந்தூரம் போய்ப் படுத்திருந்தது. பேச்சு நடக்க நடக்க, வெயில் ஏற ஏற, அது தரையில் எங்களை நோக்கிப் பின்வாங்கி வந்தது. ஆச்சி பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்: "உலை வையி."

கடிகாரம் எதையும் பார்க்கவில்லையே என்றேன்.

"செவப்பு மூணாம் தூணுக்கு வந்துருச்சுல்ல, தம்பி. எங்க மாமியா காலத்துலேருந்து அதுதான் கணக்கு."

"வருசம் முழுக்க அதே தூணா ஆச்சி?"

"அதெப்படி? தையில வடக்க ஒதுங்கி வரும். ஆடியில தெக்க வந்துரும். எந்த வரிசைத் தூணுன்னு எங்களுக்குத் தெரியும்."

பிள்ளைகள் வெளிநாட்டில். விலை கேட்டு ஆட்கள் வருகிறார்கள். ஆச்சியிடம் அந்தக் கண்ணாடிக்கு விலை சொன்னவர் யாரும் மூன்றாம் தூணுக்கு விலை சொல்லவில்லை.

வீட்டைக் காப்பாற்ற முடிந்தவர்கள் காப்பாற்றுங்கள். முடியாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; பத்துப் பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டை ஒருவர் தாங்கிப் பிடிக்க இயலாது. ஒரே ஒரு வேண்டுகோள். சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் ஒருநாள் காலையிலிருந்து மாலைவரை அந்த அறையில் உட்கார்ந்து, நிறம் எங்கே விழுந்து எங்கே நகர்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். ஒரு தையிலும் ஒரு ஆடியிலும் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டில் வயதானவர் இருந்தால் எந்த நிறத்துக்கு என்ன வேலை நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். பிறகு ஆசாரிகள் நிலைக்குக் குறி போடுவதுபோல், சட்டத்தின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயரையும் அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள். வாங்கிப்போகிறவர் அதே திசையில் பொருத்தட்டும்.